நான்காம் நாள் படிவம்

எங்கள் வார்டில் அவளை எல்லோரும் 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருட நர்ஸ். வீட்டுக்குப் போகும் நோயாளியின் சொந்தக்காரர்களுக்கு ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் கற்றுக்கொடுப்பது அவள் தலையில் விழுந்த வேலை. நானும் அவளும் ஒரே ஷிஃப்ட். காலையில் வரும்போதே இருவருக்கும் சாயங்கால முகம்தான்.

பாடம் தொடங்குமுன், "நேத்து தூங்குனீங்களா? ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று விசாரிப்பாள். இல்லையென்றால் மறுநாள் வரச் சொல்லிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டிலுக்காக வெளியே மூன்று பேர் காத்துக் கிடப்பார்கள், இவள் குசலம் விசாரித்துக்கொண்டிருப்பாள்!

ஏழாம் கட்டில் அம்மாவுக்குப் பக்கவாதம். நினைவு தெளிவாக இருந்தது, விழுங்கத்தான் முடியவில்லை. மூக்குக் குழாய் வழியாக ஆகாரம் கொடுக்க அவருடைய கணவர் கற்றுக்கொண்டால்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும். அவர் லாரி மெக்கானிக். இஞ்சினைப் பிரித்துக் கோர்த்த கை, ஆனால் செய்து காட்டச் சொன்னபோதெல்லாம் சிரிஞ்சைக் கீழே போட்டது. அவர் கற்றுக்கொண்டாரா என்று டீச்சரம்மா தினமும் நிரப்பும் படிவத்தில் மூன்று நாளும் 'தயாரில்லை'.

நான்காம் நாள் தலைமை நர்ஸ் கத்திவிட்டார். "இன்னைக்கும் அவரால முடியலன்னா, அந்தம்மாவைப் பராமரிப்பு இல்லத்துக்கு எழுதிடுவேன்."

"மனுஷன் நடிக்கிறாருடி. தயார்னு எழுதித் தள்ளு," என்றேன்.

"சும்மா இருடி, கால் வலி உயிர் போகுது," என்றபடி அவள் வராந்தா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று சிரிஞ்சை எடுக்கவே இல்லை. "ஐயா, குழாய் கிடக்கட்டும். உங்களுக்கு என்ன தெரியணும்?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தபடி கேட்டார். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா இது?"

அடக் கடவுளே! ஆளாளுக்கு எப்படி ஊற்றுவது என்று சொன்னோமே தவிர, எவ்வளவு காலத்துக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் சொல்லியிருப்போம் என்று டாக்டர் நினைத்தார், டாக்டர் சொல்லியிருப்பார் என்று நாங்கள்.

அவள் போய் டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள். இனி வாயால் சாப்பிடுவது நடக்காது என்று அவர் சொன்னார். பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நடிக்கிறார் என்று சொன்னதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அவரே எழுந்து போய்க் கை கழுவினார். மனைவியின் தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தினார், குழாய் நகராமல் இருக்கிறதா என்று அதில் போட்டிருந்த அடையாளத்தைப் பார்த்தார், நிதானமாக ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் டீச்சரம்மா படிவத்தில் 'தயார்' என்று எழுதி, கையெழுத்துக்காக அவரிடம் நீட்டினாள்.

"ஊத்துறது முதல் நாளே கைக்கு வந்துடுச்சும்மா, எத்தனை நாளைக்குன்னு தெரியாமத்தான் கை ஓடல," என்றார் பெரியவர். "டாக்டர் சொன்னதை அவகிட்ட எப்படிச் சொல்றது? அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

அவள் படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் அவரை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.