அத்தான் போட்ட அட்டவணை

“ஏன் விழுந்துச்சு?” என்று கேட்கிறார் அத்தான். விழுந்தது ஒரு ஸ்பூன். “கை பட்டுடுச்சு” என்கிறாள் அக்கா. “கை ஏன் பட்டுச்சு?” “ஓரத்துல இருந்துச்சு.” “ஓரத்துல ஏன் இருந்துச்சு?” ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால்தான் விபத்தின் வேர் பிடிபடும் என்பது அவருடைய ஆலையில் விதி. மூன்றாவது ஏனுக்கே அக்கா எழுந்து போய்விடுவாள். ஸ்பூனை எடுத்துக் கழுவி வைப்பது பெரும்பாலும் நான்தான்.

அத்தான் ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பதவியைக் கழற்றி வைக்கமாட்டார். வாசலில் இருப்பது மூன்றே படி. மூன்றின் விளிம்பிலும் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறார். அடுப்பில் எந்தப் பாத்திரம் இருந்தாலும் அதன் கைப்பிடி சுவரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சினிமாவுக்குப் போனால், படம் ஆரம்பிக்கும் முன் எங்கள் எல்லோரையும் திரும்பச் சொல்லி அவசர வழியைக் காட்டுவார். “சிரிக்காதீங்க. நாளைக்கு நீங்கதான் எனக்கு நன்றி சொல்வீங்க” என்பார். பதினேழு வருடமாக அந்த ‘நாளைக்கு’ வரவில்லை. நான் அக்காவின் தங்கை; இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அத்தானைக் கிண்டல் செய்யும் உரிமை அக்கா கல்யாணத்தோடு எனக்கு வந்தது. அவரோடு மல்லுக்கட்டும் வேலை இந்த மூன்று மாதத்தில்தான் வந்து சேர்ந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், பதினைந்து வயது. சத்தம் போடமாட்டாள், எதிர்த்துப் பேசமாட்டாள். ஒரு காலில் சாக்ஸ் மாட்டியிருப்பாள். இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். பள்ளி வண்டி போய்விடும். தண்ணீர் பாட்டில், குடை, கணக்கு நோட்டு என்று அவள் தொலைத்த ஒவ்வொன்றுக்கும் அத்தான் விசாரணை நடத்தி, அறிக்கை எழுதி, ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஃபைலை நானே பார்த்திருக்கிறேன். ஐந்து ஏன் முடிந்ததும் எல்லா அறிக்கையிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘காரணம்: கவனக்குறைவு.’

ஆண்டுத் தேர்வுக்குள் தேறாவிட்டால் இந்த வருடப் படிப்பை அவள் திரும்பப் படிக்க வேண்டிவரும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். அவர் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர். இரண்டு முறை அவளோடு தனியாகப் பேசினார், ஆசிரியர்களிடம் படிவம் எழுதி வாங்கினார், இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தார். முடிவு சொன்ன அன்று அக்காவுக்கு விடுப்பு கிடைக்காததால் நான் போனேன். “ஓடிக்கிட்டே இருக்கற வகை இல்ல இவ. உட்கார்ந்த இடத்துலயே காணாமப் போற வகை. யாருக்கும் தொந்தரவு கொடுக்கலையா, அதான் யாரும் கண்டுக்கல” என்றார் டாக்டர். பெற்றோருக்கான தாளில் அச்சடித்திருந்த நோயின் பெயரை அத்தான் விரல் வைத்துப் படித்தார். முதல் சொல்லிலேயே விரல் நின்றுவிட்டது.

“டாக்டரம்மா, கவனக்குறைவுங்கறது எங்க ஆலையில காரணம். இங்க எப்படி நோயாச்சு?”

“இது வேற கவனக்குறைவு சார்.”

“வேறன்னா வேற வார்த்தை போடணும்ல? இதுக்கு நாங்க மருந்து கொடுக்கறதில்ல. மெமோ கொடுக்கறோம்.”

எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மகள் சுவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

டாக்டர் இரண்டு மருந்து சொன்னார். ஒன்று, காலையில் போட்டால் அன்றைக்கே வேலை செய்து மாலையில் இறங்கிவிடும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடி கொஞ்சம் வேகமாகலாம். மற்றது தினமும் போட்டு, பலன் தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வயிறு புரட்டலாம், அசதி வரலாம், மனநிலையைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் என்று நான் பெயர் வைத்தேன். அத்தான் சிரிக்கவில்லை. எது பாதுகாப்பானது என்று கேட்டார். “நான் முதல்ல காலை மருந்தைத்தான் எழுதுவேன். குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு, எடை, நாடி எல்லாம் பார்த்துக்கிட்டே போவோம். ஒத்துக்குதான்னு கொடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்” என்றார் டாக்டர். கொடுத்துப் பார்த்தால் என்றதுமே காரியம் கெட்டது. “என் பொண்ணை வச்சு சோதனை ஓட்டமா?” என்று வண்டி நிறுத்தம்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று போட்டதுதான் அந்த அட்டவணை. இடப்பக்கம் ஆபத்துகளின் வரிசை. அடுத்தது ‘வாய்ப்பு’, அதாவது அது எத்தனை முறை நடக்கும் என்பது. அதற்கடுத்தது ‘பாதிப்பு’. இரண்டையும் வைத்துக் கடைசிக் கட்டத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு. ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஏழு முறை திருத்தினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் என் கடைக்கு போன் வந்தது.

“மருந்துத் தாள்ல பசி குறையும்னு போட்டிருக்கான். குறையும்னா எத்தனை வாய்?”

“அத்தான், கடைல ஆளுங்க நிக்கறாங்க.”

“நிக்கட்டும். படபடப்புக்கு மஞ்சள் போடவா, சிவப்பு போடவா?”

“டாக்டர்கிட்ட கேளுங்க.”

“அவங்க கொடுத்துப் பார்க்கலாம்னு சொல்வாங்க.”

கொஞ்சநஞ்சக் கோபமா எனக்கு! பயப்படுகிற அப்பாவை எனக்குத் தெரியும். எத்தனையோ பேர் அந்த மருந்துத் தாளைப் பிடித்துக்கொண்டு என் கடை முன்னால் நின்றிருக்கிறார்கள். இவர் பயத்துக்கு வண்ணம் தீட்டி, அதை வேலை என்று சொல்லிக்கொண்டார். பள்ளி கொடுத்த அவகாசம் ஒவ்வொரு வாரமாகக் கரைந்துகொண்டிருந்தது. அக்கா கத்திப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். இரண்டும் பலிக்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஃப்ரிட்ஜ் முன் நின்று, “அத்தான், இதுல ஒரு வரிசை விட்டுப்போச்சு” என்றேன். அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டால் போதும், முகம் சிவந்துவிடும். “எது?” என்றார். “மருந்தே கொடுக்கலன்னா? அதுல ஆபத்து ஒண்ணும் இல்லையா?” ஸ்கேல் வைத்து அடியில் ஒரு நீளக் கட்டம் போட்டார். ‘மருந்து இல்லாமல்’ என்று தலைப்பும் எழுதினார். பிறகு, “இதுக்குத் தகவல் வேணுமே. யார்கிட்ட கேக்கறது?” என்று யோசனையில் ஆழ்ந்தார். மகள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.

புதன்கிழமை போனபோது அந்தக் கட்டம் நிரம்பியிருந்தது. பச்சைப் பேனா, அவள் கையெழுத்து. ‘ஒரே பக்கத்தை ஏழு தடவை படிச்சேன். பாடம் கஷ்டம் இல்ல. நான் அங்க இல்ல.’ அதன்கீழ், ‘எல்லாரும் சிரிக்கும்போது எதுக்குன்னு தெரியாம நானும் சிரிக்கறேன்.’ அதன்கீழ், ‘அப்பா பேசும்போது நிஜமாவே கேக்கணும்னுதான் நினைப்பேன், ஆனா’. அவ்வளவுதான். ‘வாய்ப்பு’ என்ற கட்டத்தில் ஒரே சொல்: ‘தினமும்.’

அத்தான் படித்துவிட்டு, “மீதி எங்கம்மா?” என்றார்.

“எழுதிட்டு இருந்தேன்ப்பா.” அவளும் எட்டிப் பார்த்தாள். “எழுதலையா?”

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அத்தான் கலர் பென்சில் டப்பாவை எடுத்தார். எது தினமும் நடக்கிறதோ அது சிவப்பு. பாதிப்பு என்ன என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை, உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். அவரே போட்ட விதிதான். நீளமான கட்டம், நிரப்ப நேரம் பிடித்தது. நிரப்பிக்கொண்டே, “தினமும்னு நீ என்கிட்ட சொல்லவே இல்லையே” என்றார்.

“சொன்னேன்ப்பா. நீங்க ஏன்னு கேட்டீங்க. எனக்கு ஏன்னு தெரியல.”

பென்சில் நின்றது. டாக்டருக்கு அப்போதே போன் போட்டார்.

அக்காவுக்கு இந்த முறையும் விடுப்பு இல்லை. டாக்டருக்கு நேர் எதிரே அத்தான், பக்கத்தில் நான், பெஞ்சில் அவள். “முடிவு பண்ணிட்டீங்களா சார்?” என்று கேட்டார் டாக்டர். அத்தான் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, எழுந்துபோய் மகளைக் கூட்டிவந்து தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் பெஞ்சுக்குப் போனார்.

“காலைல போடறதையே முதல்ல பார்க்கலாம் டாக்டர்” என்றாள் அவள். “எனக்கு அன்னைக்கே தெரியணும். ஆனா பசி இல்லன்னா அம்மா...”

அங்கே நின்றுவிட்டாள். கண் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டில் போய் ஒட்டிக்கொண்டது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். எனக்கே அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் அத்தான் முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.