எழுபத்தொன்பதாம் கட்டளை

எழுபதுகளின் நடுவில் அடையாறு பக்கம் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கான அட்டைகளில் ஓட்டை போடும் வேலை எனக்கு. சாந்தோமிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, சாயங்காலம் வரை ஓட்டை போட்டுவிட்டு, மறுபடி நசுங்கிப் போவேன். எப்படியாவது புரோகிராமர் ஆகிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. அதற்கு இலாகா பரீட்சை எழுத வேண்டும்.

கம்ப்யூட்டர் பாதி நாள் படுத்துவிடும். அதன் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் உண்டு. சில எண்களுக்கு எதிரே மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். அவற்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று செய்தவனுக்கே தெரியாது போலும். வேலையில்லாத ஒரு மத்தியானம் நானே நிரப்பினேன். 77: அட்டையை மென்று துப்பு. 78: அதிகாரி வந்தால் விளக்குகளை வேகமாகச் சிமிட்டு. 79: நின்று தீப்பிடி. சுத்தமான இங்கிலீஷில் டைப் அடித்து, கையேட்டுக்குள் செருகிவிட்டு, நானும் கம்ப்யூட்டரை ஓட்டும் ஆபரேட்டரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதிகாரி மயிலாப்பூர்க்காரர். ஃபைல் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர். கம்ப்யூட்டருக்கு இரண்டடி தள்ளியே நிற்பார். பரீட்சைக்கு நோட்ஸ் கொடுப்பது, கேள்வி எடுப்பது, திருத்துவது மூன்றும் அவரே. நோட்ஸுக்காகக் கையேட்டை அப்படியே ஸ்டென்சில் வெட்டி நகலெடுக்கச் சொன்னார். என் தாளும் நோட்ஸில் ஏறிவிட்டது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். கேள்வித்தாளில் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

"79ஆம் கட்டளையின் பயனை விளக்குக. பத்து மார்க்."

அப்படி ஒரு கட்டளை கிடையாது, விளையாட்டுக்கு நான் அடித்தது என்று உண்மையை எழுதினேன். பூஜ்யம். நாலு மார்க்கில் கோட்டை விட்டேன். தி. நகர் ஜவுளிக்கடைக் குடும்பத்துக்காரர் ஒருவர், நோட்ஸை வரி விடாமல் உருப்போட்டவர், அவசரத்துக்கு மட்டுமே உபயோகிக்க வேண்டும், பக்கத்தில் மணல் வாளி அவசியம் என்று ஒரு பக்கம் எழுதி ஒன்பது வாங்கினார். அந்த வருடம் இருந்த ஒரே புரோகிராமர் வேலையும் அவருக்கே போயிற்று.

ஆத்திரத்தோடு அதிகாரியிடம் போனேன். "சார், அந்தத் தாளை டைப் பண்ணதே நான்தான்."

"டைப் பண்ணினே சரி, படிச்சியோ? ஆத்துல போய் நன்னாப் படிச்சுண்டு அடுத்த வருஷம் வா."

வெளியே ஆபரேட்டர் காத்திருந்தார். "இன்னாம்மா, உனக்கு நீயே சூன்யம் வெச்சிக்கினியே!"

அன்று பஸ்ஸில் அழுதேன். என் மேல்தான் கோபம்.

அடுத்த வருடமும் அதே கேள்வி. இரண்டு பக்கம் எழுதினேன். மணல் வாளிக்குச் சிவப்பு மையில் படமும் போட்டேன். பத்துக்குப் பத்து.

புரோகிராமராக எனக்குக் கிடைத்த முதல் வேலை, புதிதாகப் பரீட்சை எழுத வந்தவர்களுக்கு அந்த நோட்ஸை நடத்துவது. 79 வந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் லேசாகச் சிரித்தாள்.

"சிரிக்காதேம்மா. முக்கியமான கேள்வி, அடிக்கோடு போட்டுக்கோ" என்றேன்.