கழுவு தொட்டிக்குள் மூன்று தட்டு

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். மார்க்கண்டுவைத் தெரிந்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். கள்ளு வாயில் வைக்காதவன். பேய், முனி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால், வேலை இருக்கிறது என்று எழும்பிப் போகிறவன். அப்படிப்பட்ட மனிதனுக்குத்தான் இது நடந்தது. 1937ஆம் ஆண்டு, ஆனி மாதம், சாவகச்சேரியில், வெயில் நெருப்பாய் எரிந்த பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. அவர்கள் இரும்புத் தொட்டிக்குள் இறங்காதவர்களாய் இருக்க வேண்டும்.

அப்போது கடைத்தெருவுக்கு வெளிச்சம் கொடுத்தது இராசநாயகம் முதலாளியின் எஞ்சின் வீடு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அருவித் தண்ணீரைச் சக்கரத்தில் விழுத்தியே மின்சாரம் எடுப்பார்களாம். நமக்கு ஆறு ஏது, அருவி ஏது? தேங்காய்ச் சிரட்டைக் கரிதான் கதி. இரும்பு உலையில் கரியைக் கொட்டி, காற்றை அளவாய் விட்டு எரித்தால் ஒரு வாயு வரும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். எஞ்சின் ஓட வார் ஓடும், வார் இழுக்க டைனமோ சுற்றும், முதலாளி வீட்டு விறாந்தையில் பல்ப் எரியும். சனம் அதைப் பார்க்கவென்றே கொடிகாமத்திலிருந்து மாட்டுவண்டி கட்டி வந்தது. பின்னேரம் தொடங்கிச் சாமம் வரைக்கும்தான் ஓட்டம். பகலில் எஞ்சினுக்கு ஓய்வு. உலையில் மட்டும் தணல் கிடக்கும், வாயு கூரைக் குழாயால் வெளியே போகும்.

அந்த எஞ்சினையும் உலையையும் முதலாளி புதிதாக வாங்கவில்லை. மயிலிட்டிப் பக்கம் மூடிப்போன ஒரு ஐஸ் கொம்பனியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். அதை ஓட்டத் தெரிந்த ஆள் என்று கூடவே வந்தவன்தான் ஏரம்பு. நல்ல கெட்டிக்காரன், வாயும் நல்ல வாய். வந்து ஒரு வருசத்துக்குள், அங்கே கூட வேலை செய்த மார்க்கண்டுவுக்கு உயிர்ச் சிநேகிதன் ஆனான். அடுத்த வருசம் மார்க்கண்டு தன் ஒரே தங்கை பாலேஸ்வரியை அவனுக்கே கட்டிக் கொடுத்தான். தாய் தகப்பன் இல்லாமல் தானே வளர்த்த தங்கை. இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம்.

உலைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அதே ஐஸ் கொம்பனியிலிருந்து வந்த ஒரு கழுவு தொட்டி நிற்கும். இரண்டாள் உயரம், உள்ளே ஏணிப்படி வைத்த இரும்புத் தொட்டி. வாயுவில் இருக்கும் தாரும் தூசியும் அங்கேதான் தண்ணீரில் கழுவப்படும். தார் சுவரில் அப்பிக்கொள்ளும். ஆகவே இடைக்கிடை ஒருவன் அடியில் இருக்கிற சின்னக் கதவால் தவழ்ந்து போய், ஏறி நின்று சுரண்ட வேண்டும்.

லேசான வேலை இல்லை. அந்த வாயுவுக்கு நிறமில்லை. மூக்குக்கும் பிடிபடாது. தலை கனக்கும், நித்திரை வரும், பிறகு ஆள் எழும்ப மாட்டான். அதனால் முதலில் உலைப் பக்கத்து வால்வைப் பூட்டுவார்கள். உலையை ஊதுகிற, கையால் சுற்றும் விசிறியின் குழாயைத் தொட்டியில் செருகுவார்கள். ஒருவன் உள்ளே போக, மற்றவன் வெளியே நின்று விசிறியைச் சுற்றுவான். விசிறி போடுகிற இரைச்சலில் பேச்சுக் கேளாது. உள்ளே இருப்பவன் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டினால் ‘நிற்கிறியோ’ என்று அர்த்தம். வெளியே நிற்பவன் மூன்று தட்டினால் ‘நிற்கிறன்’. பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே பாய வேண்டும். வெளியே நிற்பவன் தலை போனாலும் விசிறியை விடக்கூடாது. கற்பூரம் கொளுத்திச் செய்கிற சத்தியத்தைவிட அந்த மூன்று தட்டைத்தான் அவர்கள் பெரிதாக மதித்தார்கள்.

அந்த ஆனியில் முதலாளி ஒரு செய்தி சொன்னார். கொழும்பிலிருந்து புது எண்ணெய் எஞ்சின் வருகிறது. கரியும் வேண்டாம், உலையும் வேண்டாம், ஓட்ட ஒருவன் போதும். இருவரில் யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மீட்டர் பார்க்கத் தெரிந்தவன் மார்க்கண்டு. அவனைத்தான் வைத்திருப்பார் என்று கடைத்தெரு முழுக்கக் கதை.

அன்று காலை மார்க்கண்டு முதலாளியிடம் போனான். பிள்ளை பிறக்கப் போகிற குடும்பம், வேலையை ஏரம்புவுக்கே கொடுங்கள், நான் மலாயாவுக்குக் கப்பல் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். முதலாளியும் தலையாட்டினார். ஏரம்புவிடம் உடனே சொல்லவில்லை. தொட்டி வேலை முடிந்து, கிணற்றடியில் தார் கழுவும்போது சொல்லி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒரு மணித்தியாலம் பொறுப்போம் என்று நினைத்தான், பாவம்.

உச்சிப்பொழுது. கோயில் மணி கேட்டது. பன்னிரண்டு.

மார்க்கண்டு வால்வைத் தானே பூட்டினான். குழாயைத் தானே செருகினான். கச்சையை இறுக்கிக்கொண்டு உள்ளே தவழ்ந்தான். ஏரம்பு விசிறிக் கைபிடியைப் பிடித்தபடி, “கவனம் மச்சான்,” என்றான்.

உள்ளே தார் நாற்றம். படியில் ஏறி மேலே போனான். அடிக் கதவால் வந்த வெளிச்சம் கால் வரைக்கும்தான். மற்றதெல்லாம் கைத்தடவல். பிடரியில் விசிறிக் காற்றுப் பட்டது. இரண்டு தட்டினான். மூன்று தட்டு வந்தது. சுரண்டத் தொடங்கினான்.

டக் டக். டக் டக் டக். எல்லாம் வழக்கம்போல.

சிறிது நேரம் போனது. ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. சுரண்டலை நிறுத்திக் காது கொடுத்தான்.

விசிறி.

ஏரம்பு கொஞ்சத்துக்கு ஒருதரம் கை மாற்றுவான். அப்போது இரைச்சல் தாழ்ந்து திரும்ப எழும்பும். இன்றைக்குத் தாழவே இல்லை. ஒரே சீராக... ஒரே சீராக... நெடுநேரமாய்.

கெட்டிக்காரன்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டான். இரண்டு தட்டக் கையை ஓங்கினான்.

ஒரு தட்டுத்தான் தட்டினான்.

டக் டக் டக். அதற்குள் பதில் வந்துவிட்டது.

பிடரியில் பட்ட காற்றும் மாறியிருந்தது. ஆனி மாதத்து உச்சி வெயிலில் விசிறி அனலைத்தானே அள்ளித் தரும்? இது குளிர்ந்து வந்தது. ஈரமாய், உப்பு மணத்தோடு... கடற்கரைக் காற்று.

காலடியைப் பார்த்தான்.

வெளிச்சம் இல்லை.

அடிக் கதவால் வந்த அந்தக் கொஞ்ச வெளிச்சம் எப்போது போனது? தெரியவில்லை. கண்ணை மூடித் திறந்தான். ஒரே கருமை.

இரண்டு தட்டினான்.

டக் டக் டக்.

கீழே, விசிறிப் பக்கம் இருந்து அல்ல. அவன் காதுக்கு நேரே. சுவரின் உட்பக்கத்தில்.

“ஏரம்பு!” என்று கத்தினான். “இவ்வளவும் காணும், நிப்பாட்டு. நான் வாறன்.”

அந்த இரைச்சலில் அவன் கத்தியது வெளியே கேட்டிருக்காது. வெளியே யாரும் சொன்னாலும் அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் கேட்டது. மெல்ல, பக்கத்தில் நின்று சொல்வதுபோல. மீசை முளைக்காத ஒரு இளங்குரல்.

“கெதியா இறங்குங்கோ அண்ணை.”

ஏரம்பு அவனை ஒருநாளும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை.

இறங்கினான்... இறங்கவில்லை, விழுந்தான். முழங்கால் இரும்பில் அடிபட்டது. கையால் கதவைத் தேடினான்.

கதவு பூட்டியிருந்தது.

தள்ளினான். உதைத்தான். அசையவில்லை. வெளியே தாழ்ப்பாள். அதைக் காற்றுத் தள்ளாது, ஆடு மாடு தள்ளாது. ஒரு கைதான் தள்ள வேண்டும். யாருடைய கை என்று அவனுக்கு விளங்கியது. விளங்கிய அந்தக் கணத்தில் பயம்கூடப் போய்விட்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது. ‘என்ரை தங்கச்சியைத் தந்தனே’ என்று அழுதான். வாய்விட்டே அழுதான்.

தலை கனத்தது.

கண் சொருகியது...

டக்.

டக்.

டக்.

தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம்.

கதவு திறந்தது.

வெயில் கண்ணில் குத்தியது. தவழ்ந்து வந்து மண்ணில் விழுந்து மூச்சை இழுத்தான். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

எஞ்சின் வீட்டில் ஒருவரும் இல்லை.

விசிறிச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கைபிடியில் கையில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கவே வேகம் குறைந்து... குறைந்து... நின்றது.

விசிறிக் குழாய் தொட்டியில் செருகியிருக்கவில்லை. தூரத்தில், நிலத்தில் கிடந்தது. அவன் பூட்டிய வால்வு முழுக்கத் திறந்திருந்தது. கூரைக் குழாய் அடைபட்டிருந்தது. உலையின் வாயு முழுவதும் தொட்டிக்குள்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அப்படியானால் பிடரியில் பட்ட காற்று எங்கேயிருந்து வந்தது?

சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டு ஐம்பது.

வால்வைப் பூட்டினான். கூரைக் குழாயைத் திறந்துவிட்டான். தார் பூசிய உடம்போடு தெருவில் இறங்கினான். மூலைத் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் ஏரம்பு இருந்தான். நாலு பேர் பார்க்கக்கூடிய இடமாய்ப் பார்த்துத்தான் இருந்தான், பகிடி சொல்லிச் சிரித்துக்கொண்டு. மார்க்கண்டுவைக் கண்டதும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்துபோனது.

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வயிற்றுக்குள் குத்தியது, விடாய்த்தது, ஒரு நிமிசம்தான் வந்தேன் என்று. மார்க்கண்டு நம்பியிருப்பான். நம்ப வேண்டும் என்றுதான் தெரு முழுக்க வேண்டிக்கொண்டு வந்தான். ஏரம்பு அதைச் சொல்லவில்லை.

“நீ எப்பிடி வெளியிலை வந்தனி?”

அவ்வளவுதான் கேட்டான். மச்சான் என்ற சொல்லும் அதில் இல்லை.

மார்க்கண்டு அடிக்கவில்லை. கை எழும்பவில்லை. “வேலையை உனக்குத்தான் தரச்சொல்லி விடியக் கேட்டனான்,” என்று மட்டும் சொன்னான். ஏரம்பு கண்ணை வெட்டி வெட்டிப் பார்த்தான். அவனுடைய பார்வை மார்க்கண்டுவின் முகத்தில் இல்லை. மார்க்கண்டுவின் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் பதிந்து, ஒரு பொடியன் நிற்கிற உயரத்தில் எதையோ பார்த்தான். மார்க்கண்டு திரும்பிப் பார்த்தான். வெறும் தெரு. அவன் மறுபடி திரும்புவதற்குள் ஏரம்பு எழும்பி, செருப்பையும் விட்டுவிட்டு, பருத்தித்துறை றோட்டில் ஓடிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் ஊரில் இல்லை.

குளித்து உடுப்பு மாற்றி, பின்னேரம் மார்க்கண்டு தங்கை வீட்டுக்குப் போனான். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒழுங்கை வழிநெடுக வார்த்தை தேடினான். கடைசியில் சுற்றி வளைக்காமல் சொன்னான். உன் புருசன் என்னைத் தொட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டான் என்று. தட்டியதையோ குரலையோ பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள்.

பாலேஸ்வரி அழவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. சுளகில் இருந்த அரிசியைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

“அந்தப் பொடியனே திறந்துவிட்டது?”

மார்க்கண்டு கேட்டான்: எந்தப் பொடியன்?

அவள் சொன்னாள். ஏரம்புவுக்குக் கனகலிங்கம் என்று ஒரு தம்பி இருந்தான். பதினேழு வயது. மயிலிட்டியில், ஐஸ் கொம்பனியில், இதே தொட்டிக்குள் இறங்கிச் செத்தவன். வெளியே விசிறி சுற்றியது ஏரம்பு. கடைசித் தட்டுக்கும் நான் பதில் தட்டினேன், விசிறியை ஒரு நிமிசமும் விடவில்லை, தம்பிதான் தட்டுவதை நிறுத்திவிட்டான் என்று ஊருக்கு முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினானாம். ஊர் நம்பியது. பெற்ற தாய் நம்பவில்லை. அந்தக் கிழவிதான் கலியாணத்துக்கு முதல் கிழமை இவளைக் கூப்பிட்டு, பிள்ளை இன்னும் அந்தத் தொட்டியை விட்டுப் போகவில்லை என்பது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னது.

“அப்ப உனக்கு முதலே தெரியும்,” என்றான் மார்க்கண்டு.

“ஓம்.”

“நான் ஒவ்வொருக்காலும் உவனை நம்பித்தானே உள்ளை இறங்கினனான்.”

“சொன்னால் கலியாணத்தைக் குழப்பிப்போடுவியள் எண்டு சொல்லேல்லை அண்ணை.”

இத்தனை நாளும் அவள் கையால் சோறு வாங்கித் தின்றுவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போனான். அவளும் வாசலில் நின்று அனுப்பிவைத்தாள். தொட்டிக் கதவு பூட்டியிருந்ததுகூட அவனுக்கு இப்படி வலிக்கவில்லை. எழும்பினான். கிழவி ஏன் நம்பவில்லை என்று மட்டும் கேட்டான்.

பாலேஸ்வரி சுளகை வைத்துவிட்டுத் தன் கையை நீட்டி, விரல் மூட்டு மொழிகளைத் தொட்டுக் காட்டினாள்.

“பிரேதத்தைக் குளிப்பாட்டினது மாமிதான். ரெண்டு கையிலையும் இந்த இடத்திலை தோல் இல்லையாம். எலும்பு தெரிஞ்சதாம். அவ்வளவு நேரம் கதவிலை தட்டியிருக்கிறான்.”