ஐஸ் பொட்டி மேல ஒரு மணி நேரம்

இனிமே வைத்தியம் வேணாம், நோவு இல்லாம பாத்துக்கலாம்னு டாக்டர் சொன்ன நாள்லேருந்து எங்க வூட்ல யாரும் என்கூட சண்டை போடறதே இல்ல. மார்ல வந்த கட்டி இடுப்பெலும்பு வரைக்கும் பூட்ச்சி. முப்பது வருசமா திருவொத்தியூர் மார்க்கெட்ல மீன் வித்தவ நான். என்னைக் கட்டில்ல போட்டு, ஒரு சொம்பு தண்ணிகூட தூக்க வுடாம சுத்தி ஒக்காந்துகினாங்க. எது சொன்னாலும் சரி சரின்னு தலையாட்னாங்க. எனக்கு ஒரே பேஜாரா இருந்திச்சி.

அப்பதான் வூட்டுக்கு வர்ற நர்ஸம்மாகூட பிசியோதெரபி பொண்ணு ஒண்ணு வந்திச்சி. சாவப்போறவளுக்கு எக்சசைஸ் இன்னாத்துக்குன்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். அது கோச்சிக்கல. எனக்கு இன்னா செய்யணும்னு ஆசைன்னு கேட்டுச்சி.

"மார்க்கெட்ல என் எடத்துல ஒக்காந்து ஒரு மணி நேரமாவது மீன் விக்கணும்."

என் வூட்டுக்காரரு பதறிட்டாரு. ரெண்டாவது மாடிலேருந்து எறங்குனா எலும்பு ஒடஞ்சிடும்னாரு. அந்தப் பொண்ணு டாக்டர்கிட்ட கேட்டுகினு வந்து ஆரம்பிச்சிச்சி. நோவு மருந்து குடிச்சி அரை மணி கழிச்சிதான் படிக்குப் போவணும். ஏறும்போது நல்ல கால் மொதல்ல, எறங்கும்போது நோவுற கால் மொதல்ல. மொத வாரம் மூணு படி. அதுக்கே கண்ணு இருட்டி அழுதுட்டேன். நடுவுல காய்ச்சல் வந்து எல்லாம் போயி, திரும்ப மூணு படிலேருந்து.

மார்க்கெட்ல தரைல ஒக்காந்தா எழுந்துக்க முடியாது, சேர் போட்டுக்கங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி. சேர்ல ஒக்காந்து மீன் விக்க நான் இன்னா ஆபீசரான்னு எகிறினேன். கடைசில என் வூட்டுக்காரரே ஒரு பழைய ஐஸ் பொட்டியைக் கவுத்துப் போட்டு சாக்கு விரிச்சாரு.

மூணு மாசம் கழிச்சி ஒரு ஞாயித்துக்கெழம போனேன். பக்கத்துக் கடைக்காரி என் பலகையைக் கழுவி, மீனை அடுக்கி வெச்சிகினு நின்னா. எல்லாரும் வந்து என் கையைப் புடிச்சிகினு அழுதாங்க. எனக்குப் புடிக்கல.

அப்ப என்னைத் தெரியாத ஒரு அம்மா வந்திச்சி. சங்கரா மீன் செவுளைத் தூக்கிப் பாத்து, ஐஸ் மீனுக்கு இந்த வெலையான்னு மொறைச்சிச்சி.

"கண்ணு நல்லா தெரியுதாம்மா ஒனக்கு? விடிகாலைல வந்த மீனு. வாங்குனா வாங்கு, இல்லன்னா நட."

என் கொரல் கோடி கடை வரைக்கும் கேட்டுச்சி. நான் நோயாளின்னு சொல்ல வாயைத் தொறந்தாரு என் வூட்டுக்காரரு. அவரு கையை இறுக்கிப் புடிச்சேன். அந்தம்மாவும் வுடல. ரெண்டு பேரும் ஆசை தீர கத்துனோம். மீனை வாங்கிகினுதான் போச்சி.

அத்தினி மாசத்துல என்கூட சண்டை போட்ட மொத ஆளு. அடுத்த ஞாயித்துக்கெழமயும் வாம்மான்னு கூப்ட்டு சொன்னேன்.