ஆவூர்ப் பக்கத்து வைஸும் அதன் தாடையில் இருந்த சிலுவையும்

பழைய பெஞ்சு வைஸ்களைத் தேடிப் பிடித்துத் துருநீக்கி வைத்துக்கொள்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் ஆகிவிட்டீர்கள். புதுக்கோட்டைப் பக்கம் போனால் கிடைக்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். என் முதல் பெரிய வைஸை நான் எடுத்து வந்ததே அங்கிருந்துதான். 1955, மாசி மாதம். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திருச்சியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. பட்டறை மேசையில் முடுக்கி, இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் இந்தக் கருவியின்மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். சிலருக்குக் கடிகாரம், சிலருக்குப் புறா.

1948இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது, பழைய மோட்டார் ஷெட்டுகளில் இருந்த சாமான்கள் ஏலத்துக்கு வந்து கிராமம் கிராமமாகச் சிதறிப் போயிருந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு அது தெரியும். அதனால் விடுமுறை கிடைத்தால் புதுக்கோட்டைப் பழைய இரும்புக் கடைகளில்தான் நிற்பேன். அங்கேதான் சவரிமுத்துவைச் சந்தித்தேன். ஐம்பது வயது இருக்கும், ஆவூர்ப் பக்கத்து விவசாயி.

"எந் தங்கச்சி வீட்டுல ஒண்ணு கெடக்குங்க. சீமைச் சரக்கு. நீங்க எடுத்துட்டுப் போறதா இருந்தா வெலையப் பத்திப் பேச்சே இல்லை."

விற்கிறவன் விலை பேசாவிட்டால் வாங்குகிறவன் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. கிளம்பும்போது அவர் திரும்பி வந்து ஒன்று சொன்னார்: "அது தொறக்க மாட்டேங்குது. அதையும் சொல்லிப்புடுறேன்."

திறக்காத வைஸ் எனக்குப் பெரிய விஷயமில்லை. ஒரு புட்டி மண்ணெண்ணெய், முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய், அரைநாள் பொறுமை. இவை போதும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் காலை ஏழு மணி பஸ்ஸில் திருச்சியிலிருந்து கீரனூருக்குப் போனேன். பதினேழு மைல், ஒன்பதணா. கீரனூரிலிருந்து மேற்கே எட்டொன்பது மைல் போக வேண்டும். அந்தப் பக்கம் அப்போது பஸ் கிடையாது. வாடகை சைக்கிள் ஒரு நாளைக்கு எட்டணா. கடைக்காரர் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டே, "எங்கிட்டுப் போறீங்க?" என்றார். ஊரையும் சவரிமுத்துவின் தங்கை வீட்டையும் சொன்னேன்.

"அருளப்பன் பட்டறைக்கா? அவரு செத்து மூணு வருசமாச்சே."

"அவர் வீட்டுல ஒரு சாமான் பார்க்கணும்."

அவர் காற்று அடிப்பதை நிறுத்தினார். பிறகு, "உச்சிப்பொழுது தாண்டிப் போங்க. கொஞ்சம் இருந்து, காபித் தண்ணி குடிச்சிட்டுப் போங்களேன்" என்றார்.

"ஏன்?"

"வெயிலு" என்றார். மாசி வெயிலுக்கு யாரும் அப்படிப் பயப்படுவதில்லை.

நான் அப்போதே கிளம்பிவிட்டேன். செம்மண் சாலை. இரண்டு பக்கமும் கருவேலம், நடுநடுவே தரையோடு தரையாகக் கிடக்கும் கரும்பாறைகள். கண்மாய்களில் அடித்தண்ணீர்தான் இருந்தது. ஆவூர்க் கோயிலின் கோபுரச் சிலுவை வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். வழி கேட்கத் தேவையில்லை, அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தால் போதும். ஆவூருக்கு இந்தப் பக்கமே ஒரு சின்ன ஊர். அதன் பெயரை எழுதவில்லை, காரணம் படித்தால் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் சவரிமுத்துவின் தங்கை ஞானம்மா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்க தம்பி" என்றார். அவருக்கு நேர் எதிரே பத்தடி தள்ளி, பனையோலை வேய்ந்த பட்டறைக் கூடம். அவர் முகம் எப்போதும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

எனக்காகக் காத்திருந்த சவரிமுத்து என்னைக் கூடத்துக்குள்ளே அழைத்துப் போய் விவரம் சொன்னார். ஞானம்மாவின் கணவர் அருளப்பன் சமஸ்தானத்து மோட்டார் ஷெட்டில் வேலை பார்த்தவர். ஏலத்தில் அந்த வைஸை எடுத்து வந்து ஊரில் பட்டறை போட்டார். ஒரே மகள் லூர்து, ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். கல்லறைக்கு வைக்கத் தகப்பன் தன் கையாலேயே இரும்பில் சிலுவை செய்ய ஆரம்பித்தார். அது முடிவதற்குள் அவரும் அதே காய்ச்சலில் போய்விட்டார். சிலுவை வைஸிலேயே நின்றுவிட்டது.

வைஸ் அருமையான சரக்கு. ஆறங்குலத் தாடை, இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். சிலுவையின் அடிக்காலைக் கவ்விக்கொண்டிருந்தது. சிலுவையின் இடது கையின் நுனியில் மூன்று இதழ் வைத்து இழைத்திருந்தார், எங்கள் பட்டறை மேஸ்திரிகூட அப்படிச் செய்ய மாட்டார். வலது கை முடியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

குனிந்து பார்த்தபோதுதான் அது தப்பு என்று தெரிந்தது. மூன்று வருடம் ஓலைக்கூரைக்கு அடியில் கிடந்த இரும்பில் துரு இல்லை. வலது கை தேய்ந்து மெலிந்து, வெள்ளி மாதிரி பளபளத்தது. கீழே மண்ணில் அரத்தூள், அதுவும் மின்னியது. மழைக்காலம் ஒன்று கடந்திருந்தால்கூட அது சிவப்பாக ஆகியிருக்கும்.

"இதுல இப்ப யார் வேலை செய்யறது?"

"யாரும் இல்லிங்க" என்றார் சவரிமுத்து. அவர் சுவரைக் காட்டினார். அரங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் துரு, அவற்றுக்கு நடுவே சிலந்தி வலை.

நான் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். கைப்பிடியில் குழாயைச் செருகி, நானும் அவருமாகத் தொங்கிப் பார்த்தோம். குழாய் வளைந்ததே தவிர திருகு அசையவில்லை. துருப்பிடித்த திருகு என்றால் ஒரு முனகலாவது கேட்கும். இது அப்படியில்லை. மறுபக்கம் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"போதுங்க. வெளியில வந்துருங்க" என்றார் அவர். நிழல் காலடிக்குள் வந்திருந்தது.

முருங்கையடியில் போய் உட்கார்ந்தோம். ஞானம்மா புளியைத் தட்டுவதை நிறுத்தியிருந்தார். காக்கைகூடக் கத்தவில்லை. அப்போது கூடத்துக்குள்ளிருந்து அரம் போடும் சத்தம் கேட்டது.

எனக்கு அந்தச் சத்தம் தினமும் கேட்கிற சத்தம். தெரியாதவன் முன்னும் பின்னும் ஒரேயடியாகத் தேய்ப்பான். தெரிந்தவன் முன்னால் அழுத்தித் தள்ளி, திரும்பும்போது லேசாகத் தூக்கிக்கொள்வான். இது தெரிந்த கை. அவசரமில்லாத கை. கதவு திறந்தே கிடந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வைஸும் சிலுவையும் தெரிந்தன. அங்கே யாரும் இல்லை. 

"தம்பி, நீங்க அந்த வேலை தெரிஞ்சவரு" என்றார் ஞானம்மா. மெதுவாகத்தான் பேசினார், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "சத்தத்தைக் கேட்டா, இன்னும் எம்புட்டு வேலை பாக்கின்னு தெரியுமா?"

"நீங்க உள்ள போயிப் பார்த்ததே இல்லையா?"

"இல்லை. நான் போனா நின்னுருமோன்னு இங்கிட்டே இருந்துக்குறேன்."

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "சோறு தண்ணி இல்லாம இங்ஙனயே கெடக்குங்க. அதனாலதான் உங்களைக் கூப்புட்டேன்" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "முடிக்கிற வேலை இல்லீங்க அது" என்றேன். "சிலுவையோட வலது கைக்கு அளவு போட்ட கோடு எப்பவோ தேஞ்சு போச்சு. அதைத் தாண்டியும் ஓடிக்கிட்டே இருக்கு. பென்சில் கனம்தான் மிச்சம். இப்படியே போனா கை அறுந்து விழுந்துரும். அப்புறம் அது சிலுவையே இல்லை."

அவர் கையில் ஒட்டியிருந்த புளியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்தார். சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

"முடிச்சா கொண்டு போயி நடணும்ல" என்றார் கடைசியில். "நட்டுட்டா, புள்ளை செத்துருச்சுன்னு ஆயிரும். அதான் முடிக்க மனசு வரலை அவுகளுக்கு."

எழுந்தார். "ஞானம், வேண்டாம் ஆத்தா" என்று அண்ணன் கையைப் பிடித்தார். அவர் விடுவித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார். நாங்கள் வாசலில் நின்றுவிட்டோம். அவர் உள்ளே போனதும் சத்தம் நிற்கவில்லை. அதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது. அவர் பக்கத்தில் போய் நின்ற பிறகும் இழுத்தது. மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"போதும் விடுங்க" என்றார் ஞானம்மா. "புள்ளை எங்கிட்டுக் கெடக்குன்னு ஒரு அடையாளம் இல்லை. கல்லெல்லாம் கலைஞ்சு போச்சு. இன்னொரு மழை பேஞ்சா எனக்கே தடம் தெரியாது. நான் கொண்டு போயி நட்டுக்குறேன். நீங்க கைய எடுங்க."

சத்தம் நின்றது.

அவர் கைப்பிடியைத் தொட்டார். குழாய் போட்டு நாங்கள் இருவர் தொங்கியும் அசையாத திருகு, அவர் ஒற்றைக் கைக்குச் சுற்றிக்கொண்டு வந்தது. தாடை விலகியதும் சிலுவையை எடுத்து, ஒரு பழந்துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். துணிக்கு மேலேயே சூடு தெரிந்தது. அரம் போட்டுக் கழற்றிய இரும்பில் இருக்கும் அதே சூடு.

கல்லறைத் தோட்டம் அரை மைல். அந்த உச்சி வெயிலிலேயே போனோம். சவரிமுத்து கடப்பாரையால் குழி போட, ஞானம்மாவே சிலுவையை நிறுத்தி மண்ணைத் தள்ளினார். சிலுவையின் ஒரு கை பூப்போல, ஒரு கை குச்சி போல. அவர் அழவில்லை. சுற்றிக் கிடந்த கற்களைப் பொறுக்கி ஒழுங்காக அடுக்கினார், அவ்வளவுதான்.

வைஸை எடுத்துப் போக மாட்டு வண்டி மறுநாள்தான் கிடைத்தது. சவரிமுத்து வீட்டில் தங்கினேன். ஏதோ பெரிய நன்மை செய்துவிட்டது போல நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் வண்டிக்காக முருங்கையடியில் காத்திருந்தேன். ஞானம்மா குளித்து, வேறு சேலை கட்டியிருந்தார். காலையில் அண்ணன் வீட்டுக் கஞ்சியைக் குடித்ததாகச் சவரிமுத்து சந்தோஷமாகச் சொன்னார். நிழல் காலடிக்கு வந்தது. ஞானம்மாவின் கை புளியில் நின்றது. கூடத்தைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லை. முதல் நாள் அந்தச் சத்தம் பயமாக இருந்தது. இது அதைவிடப் பயமாக இருந்தது. நிழல் மறுபக்கம் சாய்கிற வரைக்கும் அவர் காத்திருந்தார்.

பிறகு என்னைப் பார்த்து, "கைய எடுங்கன்னு நான் சொன்னது அவுகளுக்குக் கோவமா இருக்குமோ தம்பி?" என்றார்.

 அப்போதுதான் அவர் அழுதார். மூன்று வருடத்துக்கு முன்னால் அழாத அழுகை என்று சவரிமுத்து பிறகு சொன்னார். வண்டி வந்தது. வைஸை வைத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன். "வேணாம், கொண்டு போங்க. சும்மா கெடந்தா இனிமே துருப்புடிச்சிரும்" என்றார் ஞானம்மா.

கீரனூர் வரை மாட்டு வண்டி, வாடகை சைக்கிளும் அதிலேயே; பிறகு வைஸ் பஸ்ஸின் மேல். திருச்சியில் அதைக் கழற்றிப் பார்த்தேன். திருகில் துரு ஒரு பொட்டு இல்லை, அது ஓடும் உள்மரை புதிது போல இருந்தது. தாடைப் பட்டைகளில் சிலுவை இருந்த இடம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. பட்டையை மாற்றச் சொன்னார்கள், நான் மாற்றவில்லை. இன்றும் அதில் வேலை செய்கிறேன். நல்ல வைஸ். வேறொன்றும் நடந்ததில்லை.

இனிப் போகிறவர்களுக்கு: கீரனூர், அன்னவாசல், குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர்களில் பழைய பம்புசெட்டு ரிப்பேர் பட்டறைகளைக் கேளுங்கள், பெரிய வைஸ்கள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். திறக்காத வைஸை நெருப்பு வைத்துச் சூடாக்காதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும். எண்ணெய் போட்டு ஒரு நாள் விடுங்கள். தாடையைவிட உள்மரையைப் பாருங்கள், அது போயிருந்தால் வாங்காதீர்கள். இருவராகப் போங்கள், ஒருவரால் தூக்க முடியாது. இறந்தவர் வீட்டில் வாங்கினால் அவசரப்படாதீர்கள். பணம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது நமக்குச் சுலபம். அது நின்ற இடம் அந்த வீட்டில் அப்படியே இருக்கும்.

மறு வருடம் கீரனூரில் சவரிமுத்துவைப் பார்த்தேன். தங்கை தன் வீட்டோடு வந்துவிட்டதாகவும், நன்றாகச் சாப்பிடுவதாகவும், ஞாயிறு தவறாமல் கல்லறைக்குப் போவதாகவும் சொன்னார். பழைய வீட்டைப் பூட்டியாகிவிட்டதாம். பட்டறைக் கூடத்தை மட்டும் பூட்ட ஞானம்மா விடவில்லையாம். கதவைச் சும்மா சாத்தினால் போதும், அவுக வந்தா தள்ளிப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிரக் கூடாது என்றாராம்.