சிஞ்ஞோராவின் மகனும் அவன் கசெட்டுகளும்

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் நான் வீட்டுவேலை செய்த சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டு எசமானிக்கு, ஒரு மகன். வயது இருபத்தாறு, வேலைவெட்டி கிடையாது. அவன் அறையில் ஒரு தட்டு நிறைய வீடியோ கசெட்டுகள். எல்லாம் எழுபது, எண்பதுகளில் வந்த இத்தாலியப் படங்கள். அட்டையைப் பார்த்தாலே கதை விளங்கிவிடும். கோடை விடுமுறை, பெரிய வீடு, ராணுவச் சேவைக்குப் போகக் காத்திருக்கும் மகன், அவனை ஆம்பிளையாக்க ஒரு வேலைக்காரி. அவள் எப்போதும் ஏணியில் நின்று எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். எந்த வேலைக்காரி இப்படிச் சிரித்துக்கொண்டு தூசி தட்டுகிறாள் என்று எனக்கு எரிச்சல் வரும்.

அவற்றைத் தகப்பனே வாங்கிக் கொடுத்தாராம். சிஞ்ஞோரா அதைப் பெருமையாகச் சொன்னாள். அதே வீட்டில் இருபத்திரண்டு வயது மகள் பொழுதுபட்டால் வாசலைத் தாண்டக்கூடாது. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகிற குடும்பம். மகள் கெட்டுப்போகக்கூடாது, மகனுக்கு அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்துக்குத்தான் வேலைக்காரி.

ஒரேத்தோ பகுதியில் நாங்கள் இருந்த அறையிலும் என் கணவரும் கூட்டாளிமாரும் உள்ளூர்ச் சானலில் இதே படங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் குசினியில் சமைத்தபடி நின்று பார்த்திருக்கிறேன். கடைசியில் வேலைக்காரி என்ன ஆனாள் என்று ஒரு படத்திலும் காட்டவில்லை.

ஒருநாள் திரைச்சீலை கழற்ற ஏணியில் நின்றேன். விழுந்துவிடுவேன் என்று சொல்லி அவன் வந்து ஏணியைப் பிடித்தான். பிறகு என் கணுக்காலைப் பிடித்தான். இறங்கினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், நான் சிரிப்பேன் என்று.

கணவரிடம் சொன்னேன்.

"சும்மா பகிடிக்குச் செய்திருப்பான். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம், கொஞ்சம் பொறு."

நாட்டில் தங்குவதற்கான அந்தத் தாளுக்கு சிஞ்ஞோராவின் கையெழுத்து வேண்டும். அது உண்மைதான். ஆனாலும் அவர்மேல் வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

வேலையை விடுகிறேன் என்று சிஞ்ஞோராவிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "உன் ஆட்களில் ஒருத்தியைக் கொண்டுவந்து விடு. அவள் வேலையைத் தொடங்கியதும் கையெழுத்துப் போடுகிறேன்" என்றாள். விட்டுப்போகிறவள் தன் இடத்துக்கு ஒருத்தியைக் கொடுப்பது எங்களுக்குள் இருந்த வழக்கம். எனக்கும் அந்த வீடு அப்படித்தான் கிடைத்தது. தந்தவள் எதுவும் சொல்லாமல்தான் தந்தாள்.

மன்னாரிலிருந்து வந்து மூன்று மாதமான ஒரு பெண்ணைப் பிடித்தேன். கணவன் இன்னும் ஊரில். வேலையில்லாமல் அழுதுகொண்டிருந்தவள். அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது, வியா மக்வேதா வீதியில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் கேட்டாள்.

"அக்கா, அங்கை ஆக்கள் எப்பிடி? பயமில்லையோ?"

என் தாளில் இன்னும் கையெழுத்து விழவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"நல்ல ஆக்கள்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களை மறக்கமாட்டன் அக்கா" என்றாள்.