தாமல் மீன் குட்டையும் மீனில்லாத மீன் வறுவலும்

புரட்டாசி வந்தால் எங்கள் வீட்டில் மாதம் முழுக்க மீன் கிடையாது. எனக்கு அது தண்டனைக் காலம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தாமலில் ஒரு தம்பதி பாசியை வைத்து மீனும் வளர்க்கிறார்கள், மீனே இல்லாமல் மீன் வறுவலும் செய்கிறார்கள் என்று நண்பர் சொன்னதும் ஆவணி கடைசி வாரமே கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறி எட்டுக்குக் காஞ்சிபுரம். அங்கிருந்து வேலூர் பஸ்ஸில் அரை மணி நேரம், இருபது ரூபாய். தாமலில் எல்லா பஸ்ஸும் நிற்காது, கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். நான் கேட்காமல் ஏறித் திட்டு வாங்கினேன்.

ஏரிக்கரையைத் தாண்டினால் செல்வி, ஏழுமலை தம்பதியின் மூன்று குட்டைகள். பக்கத்திலேயே சிமெண்ட் தொட்டிகளில் கண் கூசும் பச்சையில் ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி. அதைத் துணியில் வடிகட்டி, தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்து உருட்டிப் போடுகிறார்கள். உருண்டை விழுந்ததும் கெண்டைகள் மோதிக்கொண்டு வந்ததில் குட்டையே கொதித்தது. முன்பு மீன்தூள் கலந்த தீவனம் வாங்கினார்களாம். குட்டையில் மீன் வளர்க்கக் கடலில் மீனைப் பிடிப்பது என்ன நியாயம் என்று செல்வி கேட்டார். இத்தனை வருடம் மீன் தின்ற எனக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை.

புரட்டாசியில் மீன் விலைபோகாது, தீனி மட்டும் நிற்காது. இந்த வருடமும் கையைக் கடித்தால் குட்டையை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போவதாக ஏழுமலை சொல்லிவிட்டார். செல்விக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அதற்காகத்தான் இந்த வறுவல். ராமநாதபுரம் பக்கமிருந்து வரவழைத்த கடல்பாசியை வறுத்துப் பொடித்து, மசாலாவோடு தோல் சீவிய வாழைக்காய்த் துண்டுகளில் தடவிப் பொரிக்கிறார். ஒன்றை வாயில் போட்டேன். சத்தியமாக வஞ்சிரம். அடுத்ததைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

அன்று பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மெஸ் முதலாளியிடம் ருசி காட்டி மாதம் முழுக்க ஆர்டர் கேட்பதாக இருந்தார் செல்வி. அவர் ஸ்கூட்டரிலேயே நானும் தொற்றிக்கொண்டேன். முதலாளி ஒரு துண்டைத் தின்றார், இன்னொன்றையும் தின்றார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

“இலைல பாத்தா மீனுதாம்மா. இது மீனு இல்லன்னு நான் எத்தினி பேருகிட்ட சொல்லிக்கினு இருக்கறது? புரட்டாசில மீனு போட்டான்னு ஊரே பேசும்.”

நன்றாகச் செய்ததற்கா இந்தக் கதி?

செல்வி தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, அங்கேயே பொரித்துக் காட்ட வேண்டியிருந்தால் என்று கொண்டுவந்திருந்த மசாலாவையும் ஒரு வாழைக்காயையும் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, கேட்காமலே அடுப்படிக்குள் போனார். தோலைச் சீவாமல் வட்டமாக நறுக்கி, அதே மசாலாவைத் தடவிப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் தோல் புடவையின் கம்பிக்கரை மாதிரி தெரிந்தது.

“இப்ப யாரும் கேக்க மாட்டாங்கண்ணா. ஆறு மாசமா இந்தத் தோலு தெரியக் கூடாதுன்னு சீவிக்கினு இருந்தேன்.”

முதலாளி சிரித்துவிட்டார். புரட்டாசி முதல் தேதியிலிருந்தே கொண்டுவரச் சொன்னார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மசாலா நெடி என்றார்.

போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் தாமல் சேர்ந்தால் தீனி போடுவதைப் பார்க்கலாம். வறுவல் மெஸ்ஸில் மதியம் மட்டும்தான். சாப்பிடும்போது அந்தத் தோலைப் பிய்த்து இலை ஓரத்தில் ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று குட்டைகளும் அதில்தான் பிழைத்தன.